ஜிம்ப்பில் ஓர் ஆட்டுக்குட்டி

சுகாசினி செவிலிமேட்டில் நர்சரி பள்ளி டீச்சர். யானையோ வாத்தோ, சார்ட் பேப்பரில் எதையும் பார்க்காமலே போட்டுவிடுவாள். அதை நம்பித்தான் சர்ச்சில் கிறிஸ்துமஸ் அழைப்பிதழ் அட்டைக்கு ஓர் ஆட்டுக்குட்டி கேட்டார்கள். கம்ப்யூட்டரிலேயே போட்டுத் தருகிறேன் என்று இவளும் சொல்லிவிட்டாள். பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் ஜிம்ப் என்ற ஓவிய மென்பொருள் இருந்தது. அந்தத் தைரியம்தான்.

சனிக்கிழமை மதியம் உட்கார்ந்தாள். திறந்ததுமே மூன்று சன்னல்கள், திரையில் ஆளுக்கொரு மூலையாக நின்றன. அடைசலாக இருக்கிறதே என்று சின்னதை மூடினாள். எல்லாமே மூடிக்கொண்டது. மறுபடி திறந்து, வெள்ளைத் தாள் ஒன்றை வரவழைத்து, எதற்கு எது என்று ஒவ்வொரு பொத்தானாகத் தட்டி இழுத்துப் பார்த்தாள். பிறகு பிரஷ்ஷை எடுத்தாள். ஒரு கோடும் விழவில்லை. நிறத்தை மாற்றினாள், பிரஷ்ஷைப் பெரிதாக்கினாள். தாள் வெள்ளையாகவே இருந்தது.

டவுன் பஸ் கண்டக்டரான கணவன் ஜோசுவா டூட்டி முடிந்து வந்து எட்டிப் பார்த்தான்.

"மவுஸ் போச்சா?"

"மவுஸ் ஓடுதுங்க. பெயின்ட்டுதான் ஒட்ட மாட்டேங்குது."

"ஓசி சிடிதானே" என்று அவன் குளிக்கப் போய்விட்டான்.

அவள் எங்கே தப்பு செய்தாள் என்று அவளுக்கே பிடிபடவில்லை. தாளின் மூலையில் எறும்பு ஒன்று ஊர்வது போலிருந்தது. சேலைத் தலைப்பால் துடைத்தாள். போகவில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்த தோழி ஏலவார்குழலிக்குப் போன் போட்டாள்.

"குழலி, ஸ்க்ரீனுக்குள்ள எறும்பு மாதிரி ஒண்ணு ஓடிக்கினே இருக்குது."

"எறும்பு இல்லமா, அது புள்ளிக்கோடு. தெரியாம ஒரு கட்டம் போட்டுட்டிருக்கே. அதுக்குள்ள மட்டும்தான் பெயின்ட் விழும். மேல செலக்ட்னு இருக்குது பாரு, அதுல நன்னுன்னு இருக்கும், ஒண்ணும் வேணாம்னு அர்த்தம், அதை அமுக்கு."

அமுக்கினாள். எறும்பு மறைந்தது, கோடு வந்தது. பொழுது சாயும்வரை மவுஸோடு மல்லுக்கட்டி ஆட்டுக்குட்டியை முடித்தாள்.

திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுக்கப் பென் டிரைவில் கொண்டுபோனால், குழலியின் கம்ப்யூட்டரில் அது திறக்கவே இல்லை.

"ஃபைல் பேரு கடைசியில எக்ஸ்.சி.எஃப்னு போட்டிருக்குது. இது எதுல திறக்கும் சுகா?"

"என்னைக் கேட்டா?"

வீட்டுக்குத் திரும்பி, குழலி போனில் சொன்னபடி, எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும் ஜேபெக் படமாகச் சேமித்தாள். நடுவில் அது என்னமோ கேட்டது. புரியவில்லை, சரி என்று அமுக்கிவிட்டாள்.

அட்டை அழகாகவே அச்சாகி வந்தது. "எப்படிம்மா போட்ட?" என்று பாஸ்டர் கேட்டார். முதலில் சின்ன சன்னலை மூடக்கூடாது என்று ஆரம்பித்தவளுக்கு, அதற்கப்புறம் எதை எதற்கு அமுக்கினோம் என்று வரிசையாக வரவில்லை.

"வந்துடுச்சு ஐயா" என்றாள்.