ஹாங்போ யூச்சிங்கைத் தட்டினார்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு ஐம்பதுக்கு, யூச்சிங் மாட்டிறைச்சி நூடுல்ஸ் கிண்ணத்தில் இன்னும் வாய்கூட வைக்கவில்லை, போனில் அந்த வரி மறுபடியும் வந்தது. ‘ஹாங்போ யூச்சிங்கைத் தட்டினார்.’ ஆறு ஐம்பத்திரண்டுக்கு இன்னொரு தடவை தட்டினார். ஒரு வாரமாக இதே கூத்து.

அவளுக்கு மட்டும் தனியாக வந்திருந்தால் தொலையட்டும் என்று விட்டிருப்பாள். வந்ததோ குடும்ப அரட்டைக் குழுவில். குழுவுக்குப் பெயர் ‘அன்பில் இணைந்த ஒரே குடும்பம்’. ஷியாங்யாங் நகரத்தில் பாதிக் குடும்பங்கள் தங்கள் குழுவுக்கு இந்தப் பெயரைத்தான் வைத்திருக்கின்றன. அன்பு எவ்வளவு என்பது அவரவருக்குத் தெரியும். இந்தக் குழுவில் இருபத்தாறு பேர். ஒருவருடைய முகப் படத்தை இன்னொருவர் விரலால் இரண்டு முறை தொட்டால் போதும், இன்னார் இன்னாரைத் தட்டினார் என்று அத்தனை பேருக்கும் தண்டோரா போட்டுவிடும்.

மாமியாரின் தங்கைகள் இரண்டு பேருக்கும் இது தினசரித் திருவிழா ஆகிவிட்டது. மூத்தவள் ரோஜாப்பூப் படம் போட்டாள். இளையவள், கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்தும் ஹாங்போவுக்குக் கொஞ்சல் தீரவில்லை பார் என்று எழுதினாள். யாரோ சிரிக்கும் முகங்களை வரிசையாகக் கொட்டினார்கள்.

இருபத்தாறு பேரில் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. யூச்சிங்குக்கும் ஹாங்போவுக்கும் ஏப்ரல் மாதமே விவாகரத்து ஆகிவிட்டது.

சண்டை, அடிதடி, இன்னொருத்தி என்று எதுவும் கிடையாது. அப்படி ஏதாவது இருந்திருந்தால் சொல்லிக்கொள்ளவாவது வசதியாக இருந்திருக்கும். ஹாங்போ பேச மாட்டான். இரவுக்கு என்ன சமைக்க என்றால் எதுவானாலும் சரி. வீட்டுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்றால் எதுவானாலும் சரி. கடைசியில் ஒருநாள், பிரிந்துவிடலாமா என்று அவள் கேட்டாள். ஒரு தடவையாவது வாயைத் திறக்க மாட்டானா என்றுதான் கேட்டாள். அதற்கும் அவன், உனக்கு எது சரியோ அது என்று சொல்லிவிட்டு லிஃப்ட் பழுது பார்க்கக் கிளம்பிப் போய்விட்டான்.

பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட இரண்டாவது வாரம் அத்தைக்கு, அதாவது ஹாங்போவின் அம்மாவுக்கு, இதய வால்வு அறுவை சிகிச்சை என்று ஆனது. இந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? உடம்பு தேறும்வரை மூச்சு விடக் கூடாது என்று இருவரும் முடிவு செய்தார்கள். அம்மாவுக்குத் துணையாக ஹாங்போ அங்கே தங்குகிறான், அந்தச் சின்ன வீட்டில் மூன்று பேருக்கு இடம் போதாது, அதனால் யூச்சிங் தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பக்கத்தில் அறை எடுத்திருக்கிறாள் என்று ஒரு கதை கட்டினார்கள். எல்லோரும் நம்பினார்கள். இப்போது மருத்துவர் இனிப் பயமில்லை என்று சொல்லிவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை இலையுதிர்காலப் பௌர்ணமி. குடும்பம் முழுக்க அத்தை வீட்டில் சாப்பிடக் கூடும். சாப்பாடு முடிந்ததும் அத்தையைத் தனியாக உட்காரவைத்து உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஏற்பாடு. அதோடு குழுவிலிருந்தும் விலகிவிட்டு, முதலாளி திறக்கும் புதுக் கிளைக்குப் பொறுப்பாக யீசாங் நகரத்துக்குப் போய்விடலாம் என்று அவள் நினைத்திருந்தாள். திங்கட்கிழமைக்குள் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இந்தத் தட்டல் ஆரம்பித்தது.

அவன் எதற்குத் தட்டுகிறான்? திரும்பி வா என்கிறானா? வராதே, சும்மா பழகிக்கொள்வோம் என்கிறானா? வாய் திறக்காதவன் விரலால் பேசக் கற்றுக்கொண்டானா? அப்படியே என்றாலும், விடிந்ததும் விடியாததுமாக, சின்னம்மாக்கள் எல்லோர் முன்னாலுமா? யோசித்து யோசித்து அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. கடையில் ஒருவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தவள், இடது கண்ணுக்கு வைக்க வேண்டிய வில்லையை வலது கண்ணுக்கு வைத்துவிட்டு இப்போது தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்டாள். அவர் பாவம், தெரிகிறது என்றே சொன்னார்.

கூட வேலை பார்க்கும் பெய்ஜுவானுக்கு விவாகரத்து சமாச்சாரம் தெரியாது. புருஷன் தட்டினால் பெண்டாட்டி திரும்பத் தட்ட வேண்டியதுதானே, இதில் என்ன ஆராய்ச்சி என்றாள் அவள். தட்டவில்லை. அதற்குப் பதிலாக யூச்சிங் அவனுக்குத் தனியாக ஒரு சொல் அனுப்பினாள்.

“என்ன?”

அரைமணி நேரம் கழித்துப் பதில் வந்தது. “என்ன என்ன?”

“ஒண்ணுமில்ல.”

“சரி.”

இவனிடம் பன்னிரண்டு வருஷம் எப்படித்தான் குப்பை கொட்டினோம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

புதன்கிழமை ஹாங்போவின் அக்கா ஹாங்யான் போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு குதூகலம். தட்டல் வருகிற நாளெல்லாம் அம்மா அரைக் கிண்ணம் கஞ்சி கூடுதலாகக் குடிக்கிறாளாம். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுப் போனைக் காட்டுகிறாளாம். நீங்கள் இரண்டு பேரும் தனித்தனியாக இருப்பதில் அம்மாவுக்கு உள்ளூர ஒரு சந்தேகம் இருந்தது, இப்போது போய்விட்டது, பௌர்ணமியன்று நீ இங்கேயே தங்க வேண்டுமாம், புது மெத்தை விரிப்பு வாங்கியாயிற்று, போன மாதம் நீ சொன்ன யீசாங் வேலைப் பேச்சை மட்டும் அம்மா காதில் போட்டுவிடாதே என்றாள்.

“தம்பிகிட்ட கேட்டீங்களா அண்ணி? எதுக்குத் தட்டறான்னு?”

“கேக்காம இருப்பேனா? என்னடா காலங்காத்தால ரொமான்ஸுன்னேன். என்ன உளர்றேன்னுட்டு வெச்சுட்டான். வெக்கம்டி அவனுக்கு.”

போனை வைத்ததும் யூச்சிங்குக்குக் குழப்பம் போய்க் கோபம் ஏறியது. இப்போது விளங்கிவிட்டது என்று நினைத்தாள். அம்மாவிடம் உண்மையைச் சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை. அவளும் சொல்ல முடியாதபடி இப்படித் தட்டித் தட்டியே கிழவியின் மனதில் ஆசையை வளர்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை அந்தப் புது விரிப்பின் மேல் உட்கார்ந்துகொண்டு, அத்தை, எல்லாம் பொய் என்று எந்த வாயால் சொல்வது? பேசாத மனிதர்களின் சூது இப்படித்தான் இருக்கும் என்று பல்லைக் கடித்தாள்.

வியாழன் மாலை ஆற்றைக் கடந்து அவன் வேலை செய்கிற இடத்துக்கே போய்விட்டாள். இருபத்தேழு மாடிக் கட்டடம். அதன் அடியில் கால்மணி நேரம் நின்ற பிறகு ஹாங்போ இறங்கி வந்தான். கையெல்லாம் கிரீஸ். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. அதைக் கவனித்ததற்காகத் தன் மீதே அவளுக்கு எரிச்சல் வந்தது.

காலையில் எதற்கு என்னைத் தட்டுகிறாய் என்று நேராகக் கேட்டாள். அவன் முழித்தான். நடிப்பு இல்லை, அவனுக்கு நடிக்கவும் வராது. குழுவைத் திறந்து ஒன்பது நாள் வரிகளையும் அவன் முகத்துக்கு நேரே காட்டினாள். ரோஜாப்பூவையும் காட்டினாள். அவன் காது சிவந்தது. சட்டை மேல்பையிலிருந்து தன் போனை எடுத்து அவளிடம் நீட்டினான்.

அவள் பார்த்திராத போன். கண்ணாடி முன்பக்கத்தோடு நிற்காமல் இரண்டு பக்கமும் வளைந்து வழிந்திருந்தது.

“கம்பெனி விருந்துக் குலுக்கல்ல விழுந்தது, டப்பாவிலேயே கிடந்தது. பழைய போன் லிஃப்ட் குழிக்குள்ள விழுந்துட்டதால இதை எடுத்தேன். எங்க புடிச்சாலும் எதையாவது செஞ்சிடுது. முந்தாநாள் மேனேஜருக்கு வீடியோ கால் போயிடுச்சு, நான் லிஃப்ட் கூரைமேல படுத்திருக்கேன். இடது கையில புடிச்சேன்னா உள்ளங்கைச் சதை ஓரத்துல படுது.”

அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. போனை வாங்கிப் பிடித்துப் பார்த்தாள். பிடிக்க இடமே இல்லை. விரல் பட்ட மாத்திரத்தில் டார்ச் எரிந்தது. அணைக்கப் போனால் நாளைய மழை நிலவரம் வந்தது. அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அவனும் சிரித்தான். குழுவில் கீழே என்ன வருகிறது என்று தான் பார்ப்பதே இல்லை என்றான்.

சிரித்து முடித்ததும் நெஞ்சில் என்னவோ காலியாகிப் போனது. ஒன்பது நாளாக அவள் குழம்பியதும் கோபப்பட்டதும் பாதிப் பொய். காலை ஆறு ஐம்பதுக்குக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் போனை நிமிர்த்தி வைத்துக்கொண்டு காத்திருந்தவள் அவள்தானே. கடைசியில் பார்த்தால் உள்ளங்கைச் சதை.

“அப்ப ஞாயித்துக்கிழமை சொல்லிடலாம்,” என்றாள்.

“சரி,” என்றான் அவன்.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஹான் ஆற்றுப் பாலத்தின் மேல் வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் குழுவைத் திறந்தாள். இளைய சின்னம்மா அனுப்பிய தாமரைப் படத்துக்குப் பக்கத்தில், திரையின் இடது ஓரத்தில், சின்னம்மாவின் வட்ட முகம். உள்ளங்கை பட்டால் இந்த முகத்தின் மேல்தான் படும். ஹாங்போ சின்னம்மாவைத் தட்டினார் என்று ஒருநாளாவது வந்திருக்க வேண்டாமா? ஒன்பது நாளும் அவளையே எப்படித் தட்டினான்? அதற்கு அவள் முகம் அவன் திரையில் இருந்தாக வேண்டுமே. அவள் இந்தக் குழுவில் கடைசியாக எப்போது எழுதினாள்?

மேலே தள்ளிக்கொண்டே போனாள். காலை வணக்கம், தாமரை, நிலா கேக் தள்ளுபடி, யாருடைய பேத்தியோ வரைந்த பூனை, மறுபடியும் தாமரை. ஆகஸ்ட் போனது. ஜூலை போனது. பேருந்து பாலத்தைத் தாண்டிவிட்டது. ஜூன் பதினொன்றில் அவள் முகம் வந்தது. அத்தையை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த நாள். எந்த மாத்திரை எப்போது என்று எழுதியிருந்தாள். நீளமாக இருந்தால் அத்தை படிக்க மாட்டாள் என்பதற்காக எட்டுச் சின்னச் செய்திகளாக உடைத்து அனுப்பியிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவள் முகம், அவள் திரையில் வலது ஓரம், அவன் திரையில் இடது ஓரம் நெடுகக் கீழே கீழே எட்டு முகம்.

அப்படியானால் அவன் தினமும் காலையில் மாத்திரைப் பட்டியலைப் பார்க்கிறான், அவ்வளவுதான். அப்பாடா என்று நினைத்த மறுகணம் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆகஸ்டில் மருத்துவர் இரண்டு மாத்திரைகளை நிறுத்தி, ஒன்றைப் பாதியாகக் குறைத்தார் என்று ஹாங்யான் சொல்லியிருந்தாளே. இந்த மடையன் இன்னும் பழைய பட்டியலைப் பார்த்தா கொடுத்துக்கொண்டிருக்கிறான்? உடனே அவனைக் கூப்பிட்டாள்.

“அத்தைக்கு எதைப் பாத்து மாத்திரை குடுக்கறே? ஜூன்ல நான் போட்டதையா?”

“இல்லயே. புதுசு எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கேன். அதைப் பாத்துதான் குடுக்கறேன்.”

உயிர் வந்தது. அடுத்த கேள்வி தானாகவே வாயில் வந்து நின்றது.

“அப்புறம் எதுக்கு தினமும் அங்க போறே?”

அவன் ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்.  

“எட்டாவதைப் பாக்க.”

காதிலிருந்து போனை இறக்கி எட்டாவதைத் தேடினாள். முதல் ஏழும் மாத்திரைகள். எட்டாவதை எழுதியதே அவளுக்கு மறந்து போயிருந்தது. ‘ஹாங்போ, வெறும் வயிற்றோடு லிஃப்ட் மேலே ஏறாதே. ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ.’ விவாகரத்து ஆகி இரண்டு மாதம் கழித்து, பழக்க தோஷத்தில், ஊர் அறிய எழுதியிருக்கிறாள்.

“இந்த போனுக்கு முன்னாடியும் பாத்துட்டுதான் இருந்தேன்,” என்றான் அவன். “பழைய போன் காட்டிக் குடுக்கல.”

பேருந்து எந்த நிறுத்தத்தில் நின்றது என்றுகூடப் பார்க்காமல் யூச்சிங் இறங்கிவிட்டாள்.  வருவது அழுகையா ஆத்திரமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டுமாகத்தான் இருந்திருக்கும்.

“ஹாங்போ, ஒண்ணு கேக்கறேன். ஞாயித்துக்கிழமை அத்தைகிட்ட சொல்லணுமா, வேண்டாமா? எதுவானாலும் சரின்னு மட்டும் சொன்னே, இப்பவே வெச்சுடுவேன்.”

 எங்கோ லிஃப்ட் கதவு திறந்து மூடியது.

“வேண்டாம்,” என்றான். பிறகு, யாரோ தடுத்துவிடுவார்கள் என்பதுபோல அவசரமாக, “யீசாங்குக்கும் போக வேண்டாம். அக்கா சொன்னா. நீ போறது எனக்குப் புடிக்கல.”

பன்னிரண்டு வருஷத்தில் எனக்குப் பிடிக்கவில்லை என்று அவன் சொன்னது இதுதான் முதல் தடவை. இதை ஏப்ரலில் சொல்லியிருந்தால் கையெழுத்தே போட்டிருக்க மாட்டோமே என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை.  நிறுத்தத்தில் இருந்த பலகையில் உட்கார்ந்தாள்.

“இதை போன்ல சொன்னா ஆச்சா? நேர்ல வந்து சொல்லு. நான் பாலம் தாண்டி இருக்கற ஸ்டாப்புல இருக்கேன்.”

“வரேன்,” என்றான்.

வந்தால் என்ன பதில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. முதலாளிக்கு, அத்தைக்கு, இருபத்தாறு பேருக்கு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. முதலில் அவன் வரட்டும் என்று பாலத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.