பூகோள வாத்தியாரின் கட்டைவிரல்

பூகோள வாத்தியாருக்கு வாய் மட்டும் இல்லையென்றால் என்றைக்கோ நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும். வகுப்பில் கேள்வி கேட்பதும் அவர், பதில் சொல்வதும் அவர், "அருமை!" என்று பாராட்டிக்கொள்வதும் அவரேதான்.

ஆறு மாதத்துக்கு முன் மொட்டை மாடித் துணிக்கொடியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, அந்த இடத்தில், ஊர் உலகத்தோடு பேசவும் கேட்கவும் வாங்கிய ரேடியோப் பெட்டிக்கு ஏரியல் கம்பி கட்டினார். அன்றிலிருந்து வீட்டுத் துணியெல்லாம் நாற்காலி முதுகில்தான் காய்கிறது. பொறுத்துப் பார்த்த மனைவி கெடு வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஒரே ஒரு குரலாவது பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கம்பி மறுபடியும் கொடிதான்.

ஞாயிறும் வந்தது. பக்கத்து ஊரிலிருக்கும் மச்சினன் தன் பெட்டியைத் திருகிப் பார்த்துவிட்டு போன் செய்தான்.

"மாமா, ஒரு முணுமுணுப்புகூட கேக்கல."

"கேக்காதுடா! அலை சாய்வா மேல போயி, வானத்துல மோதித் திரும்பி, உன் ஊரத் தாண்டிக் கடலுக்குள்ளதான் போய் விழும். பூமி உருண்டையா இருந்தா அதுக்கென்ன, குதிச்சுப் போயிடும்!"

"கடல்ல யாரு மாமா கேப்பாங்க, மீனா?"

வாத்தியார் போனை வைத்தார். மாடி அறைக்கு ஓடி மைக்கின் பொத்தானை அழுத்தினார். "யாராவது இருக்கீங்களா? இருக்க மாட்டீங்க. ஏன்னு கேளுங்க. நானே சொல்றேன்..." அழுத்தினால் பேசலாம், விட்டால்தான் எதிராளி பேசுவது கேட்கும். இதை அவரே வகுப்பில் இரண்டு பாடவேளை விளக்கியிருக்கிறார். ஆனாலும் கட்டைவிரல் எழவேயில்லை.

வெயில் சுவரை விட்டு இறங்கியது. மனைவி ஈரப் போர்வையோடு படியேறி வந்தாள்.

"அவ்வளவுதான். எந்திரிங்க."

பிறந்ததிலிருந்து முதல்முறையாக அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எழுந்திருக்கக் கை ஊன்றியதில், விரல் பொத்தானை விட்டது.

"அப்பாடா!" என்று பெட்டி அலறியது. "ஐயா, நடுக்கடல்ல கப்பல்லேருந்து பேசறேன். ஆறு மாசமா உங்க குரல் கணீர்னு கேக்குது. நானும் பதில் சொல்லிச் சொல்லிப் பாக்கறேன், நீங்க இடமே குடுக்க மாட்டேங்கறீங்களே!"

வாத்தியார் வாயைத் திறந்தார். அதற்குள் மனைவி மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஆறு மாசத்துக்கே அலுத்துக்கறீங்களே தம்பி, நான் இருபது வருஷமா இடம் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றவள், பொத்தானைச் சட்டென்று விட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள்.

வாத்தியார் ஈரப் போர்வையை வாங்கிக்கொண்டு, சத்தம் போடாமல் நாற்காலி தேடிப் போனார்.