அனுபவ பாத்தியம்

குத்தாலிங்கத்தைத் திருடன் என்று அதுவரை ஒரு நாயும் சொன்னதில்லை. ராணுவ பாண்டில் இருபத்திரண்டு வருடம் கிளாரினெட் ஊதியவர். கேன்டீனில் சோப்பு ஒன்று கூடுதலாக வந்துவிட்டால் பஸ் ஏறிப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிற ரகம். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரு திங்கட்கிழமை காலையில் மின்னஞ்சல் வருகிறது, நீங்கள் ஏற்றிய வீடியோவில் இருக்கும் பியானோ இசை ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் பதிவு என்று.

வாசித்தது அவர். ஏற்றியதும் அவர். குத்துக்கல்வலசை வீட்டின் முன்னறையில், இரண்டாம் கையாக வாங்கிய மின்பியானோவில், ஜன்னல் கம்பியில் போனைக் கட்டி, கை மட்டும் தெரிகிற மாதிரி எடுத்தது. பாக் என்கிற ஜெர்மன்காரர் எழுதிய மூன்று நிமிடச் சங்கதி. பாண்டுப் பயிற்சிக் காலத்தில், அங்கே சும்மா கிடந்த பியானோவில் பழகியது. ஒரு வீடியோவை எழுபது, எண்பது பேர் பார்ப்பார்கள். போலந்திலிருந்து ஒரு பெண் கைதட்டுகிற படம் போடுவாள். சேனலின் பவிசு அவ்வளவுதான்.

"சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. அதுல நமக்கு என்ன கொறஞ்சிட்டு?" என்றாள் மனைவி மாரிச்செல்வி.

"களவாண்டேன்னுல்லா சொல்லுதான்."

கம்ப்யூட்டர் தானாக ஒத்துப் பார்த்துச் சொல்கிற விஷயம் இது, மறுப்பு எழுதலாம் என்றாள் மகள் ஸ்வாதி. விவகாரம் முற்றித் தோற்றுப்போனால் சேனலையே மூடிவிடவும் கூடும் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். உள்ளே இருப்பது அறுபத்தொரு வீடியோ.

நம் பக்கத்தில் வாய்க்கால் தகராறு என்றாலும் ரேஷன் கார்டு என்றாலும் மனுதான். மனு என்றால் சாட்சி வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனிக்கு மட்டும் தனிச் சட்டமா என்ன? வீட்டாரை விட்டால் சாட்சிக்கு ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அந்த ஆளோடுதான் எட்டு மாதமாகப் பேச்சே கிடையாது.

அடுத்த வீட்டு ஆறுமுகநயினார். முப்பத்தொரு வருடம் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். குத்தாலிங்கத்துக்குக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் காவல் வேலை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம், ஏழு மணிக்குக் கேட்டில் நிற்க வேண்டும். அதனால் ஞாயிறு வாசிப்பு விடிகாலை ஐந்தரைக்கு. "ஒரு நாளாவது மனுசன ஒறங்க விடுதியா லே" என்று ஆறுமுகநயினார் தெருவே கேட்கச் சத்தம் போட்டார். அன்றோடு முறிந்தது.

பெயரே போன பிறகு ரோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? சட்டையை மாட்டிக்கொண்டு போய் நின்றார்.

"அண்ணாச்சி, ஒரு கையெழுத்து வேணும்."

ஆறுமுகநயினார் உட்காரச் சொல்லவில்லை. ஆனாலும் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "எழுதுன ஆளு யாரு?" என்றார்.

"பாக்னு ஒருத்தர். செத்து இருநூத்தி எழுவது வருசத்துக்கு மேல ஆச்சு."

"வாரிசு?"

"இருவது பிள்ளைங்க. இப்பம் யாரு இருக்காவன்னு தெரியல."

"அப்பம் பட்டா யாரு பேர்லயும் இல்ல. பொறம்போக்கு. அதுல எவன் வந்து வேலி போடுதான்?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அந்தக் கம்பெனியின் பதிவைப் போனில் போட்டுக் காட்டச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டார். பிறகு குத்தாலிங்கத்தினுடையதைக் கேட்டார்.

"மொதல்ல கேட்டது நீ இல்ல. அவன் தங்குதடை இல்லாமப் போயிருதான். ரெண்டாவது தடவ மேல ஏறயில நீ ஒரு எடத்துல முழுங்குவ. ஒரு மூச்சு நேரம். எல்லா ஞாயித்துக்கெழமையும் முழுங்குவ. இன்னைக்காவது தாண்டுவானான்னு நான் கட்டில்ல கெடந்து காத்துக்கிட்டுக் கெடப்பேன்."

அந்த இடம் தன்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்றுதான் குத்தாலிங்கம் நினைத்திருந்தார். போலந்துக்காரிகூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. வெட்கமாகப் போய்விட்டது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்?

ஆறுமுகநயினார் வெள்ளைத்தாளில் ஓரம் மடித்து எழுதினார். "மேற்படி இசையை மேற்படி நபர் கடந்த பதினோரு மாதங்களாக ஞாயிறுதோறும் காலை ஐந்தரை மணி முதல் வாசித்து அனுபவித்து வருவதையும், அதனால் எனது உறக்கம் கெட்டு வருவதையும் நேரில் அறிவேன். இரண்டாம் முறை மேலே ஏறும் இடத்தில் உள்ள தடங்கல் இவருடையதே. மேற்படி இசையில் இவருக்கு அனுபவ பாத்தியம் உண்டு எனச் சான்றளிக்கிறேன்." கீழே கையெழுத்து, தேதி, ஓய்வு என்ற குறிப்பு.

தாளை இணைக்க இடமில்லை, கட்டத்துக்குள் தட்டச்சு மட்டும்தான் செய்ய முடியும் என்றாள் ஸ்வாதி. ஒரு வரிகூட விடக்கூடாது என்று அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் போட்டவள், ஆண்டு அனுபவித்ததால் வரும் உரிமையான அனுபவ பாத்தியத்துக்குச் சரியான சொல் அகப்படாமல் அதைத் தமிழிலேயே விட்டாள்.

பிறகு ஒரு மாதம். தினமும் சாயங்காலம் காம்பவுண்டுச் சுவருக்கு மேல் ஆறுமுகநயினார் தலை தெரியும். "வந்துட்டா?" என்பார். "இல்ல அண்ணாச்சி." தலை மறையும்.

முப்பத்தோராம் நாள் பார்த்தால் அந்த அறிவிப்பைக் காணோம். உரிமைகோரல் விலக்கப்பட்டது என்று ஒரு வரி மட்டும் வந்திருந்தது.

"நாம எழுதுனதப் படிச்சுட்டாங்கல்லா?" என்றார் குத்தாலிங்கம்.

"முப்பது நாளுக்குள்ள அவங்க பதில் சொல்லலன்னா தானா விலகிரும்பா. யாரும் படிச்சிருக்க மாட்டாங்க."

வீடியோ தப்பித்தது, சரி. நீ திருடன் இல்லை என்று எவனாவது வாயைத் திறந்து சொன்னானா? அதுதான் குத்தாலிங்கத்துக்கு வேண்டியிருந்தது, அது கிடைக்கவில்லை.

வெளியே வந்தபோது சுவருக்கு மேல் தலை தயாராக இருந்தது.

"நம்ம பக்கம் ஆயிட்டு அண்ணாச்சி."

"சான்றப் பத்தி ஏதும் சொன்னானா?"

குத்தாலிங்கம் அவர் முகத்தைப் பார்த்தார். காலையிலேயே சவரம் செய்து காத்திருந்தார் மனிதர்.

"சொன்னாங்க. சான்று ரொம்பத் தெளிவா இருக்கு, அத வச்சுத்தான் முடிவு எடுத்தோம்னு எழுதியிருக்காங்க."

"பின்ன," என்றார் ஆறுமுகநயினார். உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "குருவம்மா, இங்கன வா. வெளிநாட்டுக்காரன் என்ன எழுதியிருக்கான்னு தம்பி சொல்லுதான், கேளு."

குருவம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். குத்தாலிங்கம் மறுபடி முதலிலிருந்து சொன்னார். இந்தத் தடவை இரண்டு வரி கூடுதலாகவே சொன்னார்.