ஒரு சொட்டுகூட வராத ஷவர்

பிளம்பர்களை நான் நம்புவதில்லை. அதனால் காஜாங்கில் எங்கள் வீட்டுக் குளியலறைக்கு நானே புது ஷவர் மாட்டினேன். திருகாணி விழுந்துவிடாமல் இருக்க, தரையிலிருந்த வடிகாலைப் பழைய கைலியால் அடைத்திருந்தேன். குழாயைத் திறந்தேன். ஒரு சொட்டுகூட வரவில்லை.

ஷவரை விற்ற கிள்ளான் கடைக்காரன் போலிச் சரக்கை என் தலையில் கட்டிவிட்டான்!

காய்கறி வாங்கப் பாசாருக்குக் கிளம்பிய என் மனைவி ருமானா, "பக்கத்து வீட்டு பக்கிரிசாமி அண்ணனக் கேளுங்க மச்சான்," என்றாள்.

அந்த ஆளையும் நான் நம்புவதில்லை. எங்கள் தாமான் குடியிருப்பு வாட்சப் குழுவிலிருந்து நான் வெளியேறியதே அவரால்தான்.

ஷவர் தலையைக் கழற்றிக்கொண்டு கிள்ளானுக்குக் காரை ஓட்டினேன். கடைக்காரர் அதைத் தன் குழாயில் மாட்டித் திறந்தார். தண்ணீர் என் சட்டையெல்லாம் தெறித்தது.

"காலையிலேர்ந்து காஜாங்ல வாட்டர் கட் லா பாஸ். குரூப்ல வரலையா?"

அதற்குள் வீடு திரும்பியிருந்த ருமானா போனில் கத்தினாள். "தண்ணி வந்துருச்சு! ஹால்ல உங்க சிலிப்பர் மிதக்குது. நல்ல வேளை, பக்கிரிசாமி அண்ணன் வெளிய மீட்டர் பைப்ப அடைச்சாரு."

நம் வீட்டு மீட்டர் எங்கே இருக்கிறதென்று அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.