தாய்மாமன் படத்துக்குக் கீழே

கொட்டு நின்றுவிட்டது. தாய்மாமன் சீர் வருகிறபோது கொட்டு நிற்கக் கூடாது. நின்றால் அடிக்கிறவர் மயங்கி விழுந்திருக்க வேண்டும், இல்லை தாய்மாமன் கோபித்திருக்க வேண்டும். மண்டபத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தேன். அடிக்கிறவர்கள் திடமாகத்தான் நின்றார்கள்.

தாய்மாமன் விருமாண்டி, வாசலில் கட்டியிருந்த பிளெக்ஸை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் தலையிலும் கையிலும் தட்டு ஏந்திய பெண்கள், மாலை போட்ட கிடா, வெடி கொளுத்தத் தயாராக இருந்த ஒருவர். யாரும் அசையவில்லை. கிடா மட்டும் பக்கத்துத் தட்டிலிருந்த வெற்றிலையை மெல்ல இழுத்துத் தின்றுகொண்டிருந்தது.

என் தம்பி மகன் அருள்பாண்டியின் பிள்ளை சூரியபிரகாஷுக்கு அன்று காதுகுத்து. அருள்பாண்டியின் மனைவி பாண்டீஸ்வரிக்கு விருமாண்டி கூடப்பிறந்த அண்ணன். அவர் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். அவளுடைய அப்பா அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டதால், அன்று அவர் திரும்பிப் போனால், பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஒரு வாசல் இருக்காது.

ஏற்கெனவே அந்த வாசல் முக்கால்வாசி சாத்தித்தான் கிடந்தது. விளாங்குடியில் வீடு கட்டிக் குடிபோனபோது, வேலை மும்முரத்தில் அண்ணனுக்குப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் வந்து அழைக்காத வீட்டுக்கு வர மாட்டேன் என்று அவர் இருந்துவிட்டார். வராத அண்ணனிடம் நானாகப் போய்ப் பேச மாட்டேன் என்று இவளும் இருந்துவிட்டாள். பிள்ளை பிறந்தும் பார்க்க வரவில்லை. காதுகுத்துக்கு அழைக்க நானும் அருள்பாண்டியும்தான் தட்டோடு போனோம். அவளும் வந்தாள், தெருமுக்கு வரைக்கும். ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. விருமாண்டி வாசற்படியில் நின்றபடி அந்த ஆட்டோவையே வெகுநேரம் பார்த்தார். பிறகு தட்டை வாங்கிக்கொண்டு, "வாரேன்" என்றார்.

பிளெக்ஸ் விவகாரம் இங்கிலீஷால் வந்தது. ஓர் ஆஸ்பத்திரியில் வரவேற்பு வேலைக்கு நேர்முகத்துக்குப் போன இடத்தில், உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று இங்கிலீஷில் கேட்டார்களாம். பாண்டீஸ்வரி புருஷன் பெயரையும் ஊர்ப் பெயரையும் சொல்லிவிட்டு, அதற்குமேல் தன்னைப் பற்றிச் சொல்ல ஒன்றும் அகப்படாமல் திரும்பி வந்தாள். மறுவாரமே கே.கே. நகரில் ஒரு வகுப்பில் சேர்ந்தாள். அங்கே மனுஷர்களின் குணத்துக்குத் தனித்தனியாக வார்த்தை வைத்திருந்தார்கள். அதிலிருந்து யாரைப் பார்த்தாலும் ஒரு வார்த்தை தேடுவாள். பால்காரருக்கு ஒன்று, மாமியாருக்கு இரண்டு.

எங்கள் பக்கத்தில் பிளெக்ஸ் அடித்தால் ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் 'பாசத்தின் சிகரமே', 'எங்கள் சிங்கமே' என்று போடுவது வழக்கம். இவள் அந்த இடத்தில் இங்கிலீஷைப் போட்டுவிட்டாள். நடுவில் ஆள் உயரத்துக்கு விருமாண்டி படம், அதன் கீழே 'இம்ப்ளேக்கபிள்'. என் படத்துக்குக் கீழே 'மெண்டேஷியஸ்'. அது மெத்தப் படித்தவனுக்கு வழங்குவது என்று நானே எல்லோருக்கும் விளக்கியிருந்தேன். எனக்கு இங்கிலீஷ் பழக்கம் உண்டு. வைகையில் பெருவெள்ளம் வந்த வருஷம் செல்லூரிலிருந்து விரகனூர் வரைக்கும் நான் ஓர் எருமையின் மேல் மிதந்து போனேன். பக்கத்து எருமையில் ஒரு வெள்ளைக்காரர் வந்தார். போய்ச் சேருவதற்குள் பேசக் கற்றுக்கொண்டேன். அவர் எருமையை விற்றுவிட்டு ஊருக்குப் போய்விட்டதால் இதற்குச் சாட்சி இல்லை.

"மாமா, இங்கிட்டு வாங்க" என்றார் விருமாண்டி. "எம் படத்துக்குக் கீழ போட்டுருக்குல்ல, அதுக்கு என்ன அர்த்தம்?"

கூட்டம் விலகி எனக்கு வழிவிட்டது. அப்படி ஒரு மரியாதையை நான் விரும்பவில்லை.

"மலை மாதிரி அசையாத ஆளுன்னு அர்த்தம் மாப்ள. இமயமலைக்குத்தான் போடுவாக. நம்ம யானைமலைக்கெல்லாம் குடுக்க மாட்டாக."

"ஒங்க படத்துக்குக் கீழ?"

"மெத்தப் படிச்சவன்னு."

அவர் சட்டைப்பையிலிருந்து செல்லை எடுத்தார். "திண்டுக்கல் ரோட்டுல இதே பிளெக்ஸ் ஒண்ணு கட்டியிருக்கீக. வண்டிய நிப்பாட்டி இதுல போட்டுப் பாத்துட்டுத்தான் வாரேன். எனக்குப் போட்டது, எம்புட்டுக் கெஞ்சினாலும் மனசு எறங்காதவன்னு. ஒங்களுக்குப் போட்டது, பொய் பேசுறவருன்னு."

பங்காளிகள் பக்கம் யாரோ இருமினார். யாரும் சிரிக்கவில்லை. என்னைப் பொய்யன் என்று சொல்லிச் சிரிக்காமல் ஒரு கூட்டம் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அருள்பாண்டி வியர்த்து ஓடிவந்தான். "மச்சான், பிளெக்ஸ் கடைக்காரன் மாத்தி அடிச்சுட்டான். இப்பவே கழட்டிருவோம்."

"மாத்தியெல்லாம் அடிக்கல" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பாண்டீஸ்வரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலையோடு பிள்ளை கிடாவைப் பார்த்துக் கையை நீட்டியது. "நாந்தான் எழுதிக் குடுத்தேன். ஒரு எழுத்துத் தப்பில்ல."

விருமாண்டியோடு வந்த பெண்களில் ஒருத்தி தட்டைத் தலையிலிருந்து இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டாள். திரும்பிப் போக அது வசதி. ஏதாவது புளுகலாம் என்று வாயைத் திறந்தேன். எருமைதான் ஞாபகம் வந்தது.

விருமாண்டி பிளெக்ஸின் கீழ் மூலையைக் காட்டினார். "அது யாரு?"

பாண்டீஸ்வரியின் படம்தான். கைக்குட்டை அளவுக்குச் சின்னது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் அதே 'இம்ப்ளேக்கபிள்'. காலையிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் பிளெக்ஸை வாசித்து விளக்கியவன் நான். அந்த மூலையை நான் பார்க்கவே இல்லை.

"தெரிஞ்சவுக ஒவ்வொருத்தருக்கும் ஒரு வார்த்தை சொல்லணும்னாக கிளாஸ்ல" என்றாள். "மொதல்ல ஒனக்குத்தாண்ணே தேடுனேன். கடைசியா அவங்கவங்களப் பத்திச் சொல்லச் சொன்னாக. புஸ்தகம் பூராவும் தேடிட்டேன். எனக்கு வேற எதுவும் பொருந்தல."

விருமாண்டி செல்லைப் பைக்குள் போட்டார்.

"ஆட்டோவ விட்டு எறங்கியிருக்கலாம்ல" என்றார்.

"நீ படிய விட்டு எறங்கியிருக்கலாம்ல."

இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். வெடிக்காரர் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

விருமாண்டி செருப்பைக் கழற்றினார். தங்கையைப் பார்க்காமல், அவளைத் தாண்டி உள்ளே போய், மணையில் உட்கார்ந்து வேட்டியை மடியில் சரிசெய்தார். கொட்டு இல்லாமலே சீர் உள்ளே போனது. பாண்டீஸ்வரி பின்னாலேயே போய்ப் பிள்ளையை அவர் மடியில் இறக்கினாள். புது ஆளின் மீசையைப் பார்த்துப் பிள்ளை உதட்டைப் பிதுக்கியது.

பிள்ளை திமிறாமலிருக்க அவர் அதன் தலையை ஒரு பக்கம் பிடித்தார். அவளும் குனிந்து மறுபக்கம் பிடித்தாள். ஊசியோடு குனிந்த ஆசாரி நிமிர்ந்தார்.

"யாராச்சும் ஒருத்தர் பிடிச்சாப் போதும். காது தெரியல."

இரண்டு கைகளும் அப்படியே இருந்தன. சந்தனம் விரல்களில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளை அழுவதா வேண்டாமா என்று தெரியாமல் மேலே அந்த முகத்தையும் இந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. ஆசாரி ஊசியைப் பிடித்தபடி காத்திருந்தார்.