மிலிட்டரிக்குப் பக்கத்தில் நடப்பவர்கள்

“சாக்கடைம்மா அது. பன்னியே எறங்க யோசன பண்ற சாக்கடை. அதுல என்னத் தள்ளி, மேல ஏறிப் படுத்துக்கினான் உன் மாடி வீட்டுக்காரன்.”

“கத்தாதண்ணா. எதிர்வூட்டு ஜன்னல் தொறந்திருக்குது.”

“தொறந்தே இருக்கட்டும். கடைத்தெருவே பாத்தாச்சு, ஒரு ஜன்னலுக்கு நான் இன்னாத்துக்கு வெக்கப்படணும்?”

அஜிதநாதன் நயினார் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. வந்தால் தங்கை அனந்தமதி சற்றுமுன் துடைத்த தரை என்ன ஆகும் என்று அவருக்கே தெரியும். காலையில் மண்டிக்குக் கிளம்பும்போது வெள்ளை வெளேரென்று இருந்த வேட்டி இப்போது இடுப்புக்குக் கீழே நல்ல கறுப்பு. காதோரம் ஒரு வாழைச்சருகு ஒட்டியிருந்தது. அதைச் சொல்லலாமா என்று யோசித்த அனந்தமதி, அண்ணன் பேசி முடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்து நிலக்கடலை வியாபாரம் செய்யும் பெரிய மனிதரை இந்தக் கோலத்தில் பார்க்க அடிக்கடி வாய்க்காது.

மாடிப்படியின் கீழே சவுரிராயன் நின்றார். அவரும் அதே சாக்கடையில்தான் விழுந்து எழுந்து வந்தவர். ஆனால் கைகள் தொடையோடு ஒட்டியிருக்க, நிமிர்ந்து, பரேடில் நிற்பதுபோல நின்றார். மூக்கு நுனியிலிருந்து கறுப்பாக ஒரு சொட்டு இறங்கியது, அதைக்கூடத் துடைக்கவில்லை.

“தப்புதான், சார்,” என்றார்.

“இன்னா தப்பு? சாமி, நான் வாழக்கா வாங்கிக்கினு நின்னேன். உனக்கு நான் இன்னா பண்ணேன்?”

நடந்தது இவ்வளவுதான். கடைத்தெரு முனையில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் நெடுஞ்செழியனுக்குப் பட்டாசு என்றால் உயிர். தலைவர் வந்தால் வெடிப்பார். வராவிட்டால், வரப்போகிறார் என்று வெடிப்பார். அன்று யாரோ ஒரு மாவட்டச் செயலாளருக்குப் பிறந்தநாளாம். எந்த அறிவிப்பும் இல்லாமல் சரவெடியைக் கொளுத்திவிட்டார். காய்கறிக் கடையில் நின்ற சவுரிராயன் முதல் வெடியிலேயே பக்கத்தில் இருந்தவரைத் தோளோடு அணைத்துச் சாக்கடைக்குள் உருட்டி, அவர் தலையைத் தன் நெஞ்சால் மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் யார் என்பது மட்டும்தான் அவருடைய கெட்ட நேரம்.

“தீபாவளிக்குள்ள மாடி காலியாவணும்,” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அஜிதநாதன் திரும்பினார். சருகு காதோடு போயிற்று.

சொல்வதற்கு அவருக்கு உரிமை இருந்தது. அப்பா எழுதிவைத்தபடி கீழ்வீடு தங்கைக்கு, மாடி அண்ணனுக்கு. ஆனால் குடிவைத்தது அனந்தமதி. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது நாற்பதைத் தாண்டிக் கொஞ்சம், கல்யாணம் ஆகவில்லை, திண்டிவனத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் காவல் வேலை. வீடு பார்க்க வந்தவர் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை, வண்டி நிறுத்த இடம் கேட்கவில்லை.

“மேடம், இந்தத் தெருவுல தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பாங்களா?”

“நயினார் தெருங்க இது, சமணருங்க நாங்க. மகாவீரர் மோட்சம் போன நாளு எங்களுக்கு. வெளக்கு மட்டுந்தான் வெப்போம். பூச்சி புழு செத்துப்புடும்னு ஒரு மத்தாப்புகூட எவனும் கொளுத்த மாட்டான்.”

“கல்யாணத்துக்கு?”

“நாதசுரம். அதுவும் மெதுவா.”

அன்றைக்கே ஒரு பச்சை இரும்புப் பெட்டியைக் கொண்டுவந்து மாடியில் இறக்கிவிட்டார். முட்டை கூடாது, மீன் கூடாது, பொழுது சாய்ந்தபின் தாளிக்கிற வாசனை கீழே வரக்கூடாது என்று அனந்தமதி அடுக்கிய எல்லாவற்றுக்கும் “சரி மேடம்” என்றார். அவளை வாழ்க்கையில் யாரும் மேடம் என்றதில்லை. அதற்காகவே அவள் இன்னும் இரண்டு விதிகளைச் சேர்த்தாள். அதற்கும் “சரி மேடம்” வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கண்டமங்கலத்துக்குப் போய், சர்ச்சில் பூசை முடித்து, அம்மா குப்பம்மாள் கையால் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு, தலைக்குக் குளித்துத் திரும்புவார். மீன் சாப்பிட்டாரா என்பது தெருவுக்கு எப்படித் தெரியும் என்றால், எதிர்வீட்டு வேணி சொல்லித்தான். வேணி ரவிக்கை தைப்பவள், ஜன்னலோரம் மெஷின். தெருவில் யார் தலை ஈரம், யார் தலை காய்ந்தது என்பது அவளுக்குத் தெரியாமல் போகாது. அவளும் கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லியிருந்ததால், தெருவில் அதைப் பற்றி ஒருமித்த கருத்து கிடையாது.

சாக்கடைச் சம்பவம் தெருவைச் சுற்றி வருவதற்குள் வளர்ந்துவிட்டது. அவருக்குத் தலையில் குண்டு இன்னும் உள்ளே இருக்கிறதாம். இல்லை, அஜிதநாதன் மண்டி வாசலில் அவரை ஏதோ சொன்னாராம், சமயம் பார்த்துப் பழி தீர்த்தாராம். பூக்கார வீரம்மாள் எதையும் நம்பவில்லை. ஆனால் அவர் வந்தால் மட்டும் கூடையைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டாள். ரேஷன் கடை வரிசையில் அவருக்கு முன்னாலும் பின்னாலும் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாகவே இருந்தது. பக்கத்தில் நடக்க யாரும் தயாரில்லை. சவுரிராயனும் அதைக் கவனித்தார்போல. தெருவில் நடக்கும்போது தாமே ஒதுங்கி, சுவரோரமாகப் போகத் தொடங்கினார்.

“பாவமா இருக்குதுக்கா,” என்றாள் வேணி, அனந்தமதியின் சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு. “காலையில ஜல்தியா எழுந்து வூட்டுக்கூரை ஓட்டயெல்லாம் அடச்சிக்கினு இருக்காரு. காலி பண்ற வூட்டுக்கு.”

“நீ எப்ப பாத்த?”

“ஜன்னல் இருக்குதே.”

“உன் ஜன்னல்லேர்ந்து கூரை தெரியாதுடி.”

வேணி பேச்சை மாற்றினாள். விழுப்புரத்தில் தன் சித்தி மகன் வீட்டுத் தரகு பார்க்கிறான், நாளைக்கு மிலிட்டரியை அழைத்துக்கொண்டு போய் நான்கு வீடு காட்டப்போகிறேன் என்று மட்டும் சொன்னாள். எதற்கு நீ போகவேண்டும் என்று அனந்தமதி கேட்கவில்லை. கேட்டால் பதிலோடு கதை முடிந்துபோகும். கேட்காமல் விட்டால் தீபாவளி வரை ஓடும்.

மறுநாள் மாலை வேணி திரும்பியபோது முழங்கை சிராய்த்திருந்தது. முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அனந்தமதி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிறவள். அன்று இலையை வைத்துக்கொண்டு கதை கேட்டாள்.

முதல் வீடு நல்ல வீடாம். ஆனால் பக்கத்துக் காம்பவுண்ட் கல்யாண மண்டபம். இரண்டாவது வீட்டின் கீழே கட்சி அலுவலகம். எந்தக் கட்சி என்று அவர் கேட்கவே இல்லையாம், படி இறங்கிவிட்டாராம். மூன்றாவது வீட்டில் சொந்தக்காரர் பையன் செண்டை மேளம் கற்றுக்கொள்கிறான்.

“நாலாவது வூடு பாருக்கா, ஊருக்கு வெளிய, வேப்பமரம், காத்து. ஒரு சத்தம் இல்ல. வூட்டுக்காரர் சொல்றாரு, ‘இந்த ரோட்டுல ஜன நடமாட்டமே கெடயாது சார், அமைதின்னா அமைதி.’ இவரு மொகத்துல இன்னிக்குத்தான் சிரிப்பப் பாத்தேன். நான்தான் கேட்டேன், ரோடு எங்க போவுதுன்னு. சுடுகாட்டுக்காம்.”

“அய்யோ.”

“அந்த நேரம் பாத்து ஒரு பொணம் வந்துட்ச்சு. பறை அடிச்சிக்கினு, பூவ எறச்சிக்கினு, வேட்டு போட்டுக்கினு. நான் அவரு பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன்.”

“தள்ளிட்டாரா?”

“மணல் கொட்டி வெச்சிருந்தாங்க. அதுல.” வேணி முழங்கையைப் பார்த்துக்கொண்டாள். “எழுந்து ஒக்காந்ததும், எனக்கு அடிபட்டுச்சான்னுதான் மொதல்ல பாத்தாரு. நான் கேட்டேன்: ‘வெடிச்சா எல்லாரும் தன் தலைய மூடிக்குவாங்க. நீங்க இன்னாத்துக்குப் பக்கத்துல இருக்கறவங்களப் புடிச்சி இழுக்கறீங்க?’”

அவர் சொன்னது இது: காஷ்மீரில் ஒரு சாலையோரம். அவரும் செஞ்சிப் பக்கத்துப் பையன் பூவரசனும் டீ கையில் நின்றிருக்கிறார்கள். குண்டு வெடித்ததும் சவுரிராயன் தரையில் விழுந்துவிட்டார். கற்றுக்கொடுத்தபடி, சரியாக. பூவரசன் அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றானாம். கை நீட்டியிருந்தால் இழுத்திருக்கலாமாம். நீட்டவில்லை.

“அதுலேர்ந்து கை தானா நீளுதாம். அவருக்கு வெடிச் சத்தத்துக்குப் பயம் இல்லக்கா. பக்கத்துல யாரு இருக்காங்களோன்னுதான் பயம். அதான் நம்ம தெரு வேணும்னு வந்திருக்காரு. இங்கதான் தூக்கம் வருதாம்.”

அனந்தமதி இலையைப் பார்த்தாள். வெளியே இருட்டிவிட்டிருந்தது. நினைவு தெரிந்த நாளிலிருந்து முதல் முறையாக ஒரு வேளைச் சாப்பாடு அவளுக்குத் தவறியது.

மறுநாள் அண்ணன் சாப்பிட வந்தபோது, சாம்பார் ஊற்றிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். தெருவில் சொல்கிறபோது சேர்க்கிற சங்கதிகள் எதையும் சேர்க்காமல் சொன்னாள்; அவளுக்கே அது புதுப் பழக்கம். அஜிதநாதன் தலைநிமிராமல் சாப்பிட்டார். மோருக்கு வந்தபோதுதான் வாய் திறந்தார்.

“செஞ்சியா அந்தப் பையன்?”

“செஞ்சிப் பக்கமாம்.”

“ம்.” கை கழுவிவிட்டு வந்து, “சொன்னது சொன்னதுதான். எல்லாரும் சிரிச்சிட்டாங்க. இப்ப நான் வாபஸ் வாங்கினா அதுக்கும் சிரிப்பானுங்க. டெம்போ நம்ம மண்டியிலேர்ந்து அனுப்பறேன்,” என்றார்.

அவர் பெரிய மனசு பண்ணிவிட்டதாக அவருக்கு நினைப்பு. டெம்போ வந்தபோது அதில் பாதிக்குமேல் விழுப்புரத்துக்குப் போகவேண்டிய மல்லாட்டை மூட்டைகள் இருந்தன. போகிற வண்டியில் ஒரு பெட்டியும் போகட்டும் என்ற கணக்கு. அனந்தமதி அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். அவர் மூட்டைகளைச் சரிபார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார்.

சவுரிராயன் எந்த வீட்டை முடிவு செய்தார் என்று கேட்டதற்கு, “செண்டை மேளம், மேடம். பையன் காலேஜுக்குப் போற நேரத்துல தூங்கிக்குவேன்,” என்றார். பச்சைப் பெட்டியைத் தாமே தோளில் தூக்கிவந்து வண்டியருகே வைத்தார். மாடி சாவியை அனந்தமதியின் கையில் கொடுத்தார். அவள் அதை இடுப்பில் செருகாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். எதிர்வீட்டு மெஷின் சத்தம் காலையிலிருந்தே கேட்கவில்லை. வேணி வாசலில் நின்றுகொண்டு, தைக்காத ஒரு ரவிக்கையை விரித்தும் மடித்தும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏறுப்பா, நேரமாவுது,” என்றார் அஜிதநாதன்.

தெருமுனையில் ஆட்கள் சேர்வதை அப்போதுதான் அனந்தமதி கண்டாள். நடுவில் மாலையும் கழுத்துமாக நெடுஞ்செழியன். அவருக்குக் கட்சியில் ஏதோ துணைப் பொறுப்பு கிடைத்திருந்தது. நயினார் தெருவுக்குள் வெடிக்கக்கூடாது என்கிற மரியாதை அவருக்கு உண்டு. அந்த மரியாதையோடு, தெரு தொடங்குகிற கோட்டுக்கு ஒரு முழம் அப்பால் தள்ளி, பத்தாயிரம் வாலாவை அலுங்காமல் விரித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா,” என்றாள் அனந்தமதி.

அஜிதநாதன் பார்த்தார். தெருமுனையைப் பார்த்தார்; தன் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்தார்; தனக்கு இடப்புறம் ஓடும் சாக்கடையைப் பார்த்தார்; அன்றைக்குத்தான் உடுத்தியிருந்த புது வேட்டியையும் பார்த்தார்.

முதல் வெடி வெடித்தது. சவுரிராயனின் கண் மாறியது. கை நீளத் தொடங்கியது.

அதற்குள் அஜிதநாதன் முந்திக்கொண்டார். அந்த உடம்புக்கு அப்படி ஒரு வேகம் உண்டு என்று யாருக்கும் தெரியாது. இரண்டு கையாலும் ஹவில்தாரின் இடுப்பைக் கட்டி, சாக்கடைக்கு எதிர்ப்புறமாக இழுத்து, திறந்திருந்த டெம்போவின் பின்பக்கம் மூட்டைகளின்மேல் சாய்த்து, அவர்மேல் தாமும் விழுந்தார். ஒரு மூட்டை பிரிந்து மல்லாட்டை கொட்டியது. சரம் வெடித்துக்கொண்டே இருந்தது. பத்தாயிரம் என்றால் லேசா? அவ்வளவு நேரமும் மண்டிக்காரர் அசையவில்லை. தன் பெரிய தொப்பையால் ஹவில்தாரை மூட்டையோடு அழுத்திக்கொண்டு, காதருகே ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார்.

என்ன சொன்னார் என்பது பற்றித் தெருவில் பல கருத்துகள். அருகில் போய் நின்று கேட்டவள் அனந்தமதி ஒருத்திதான்.

“நான் இருக்கேன்ப்பா. எனக்கு ஒண்ணும் ஆவல. பாரு, எனக்கு ஒண்ணும் ஆவல.”

சத்தம் அடங்கியது. புகைக்குள்ளிருந்து நெடுஞ்செழியன் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தார்.

“அண்ணே, தெருவுக்குள்ள வெடிக்கலண்ணே. நம்ம மரியாதய விடல.”

அஜிதநாதன் மூட்டைமேல் எழுந்து உட்கார்ந்தார். தலையெல்லாம் மல்லாட்டைத் தோல். “நெடுஞ்செழியா, இனிமே வெடிக்கறதா இருந்தா மொத நாளே எனக்கு ஃபோன் பண்ணணும். நேரம் சொல்லணும். நான் இவரு பக்கத்துல வந்து நின்னுக்கறேன். சொல்லாம வெடிச்சே, உன் கடைக்கு எதுக்க தெனமும் நானே வந்து படுத்துக்குவேன். பேஜாராயிடும்.”

“சரிங்கண்ணே.”

“பெட்டிய மேல எடுத்துக்கினு போங்க,” என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு தங்கை பக்கம் குனிந்து, “வேட்டிக்காகத்தான் இழுத்தேன். புதுசு,” என்றார்.

“நான் ஒண்ணும் கேக்கலியேண்ணா.”

சவுரிராயன் இன்னும் மூட்டைமேலேயே படுத்திருந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. கை இரண்டும் அஜிதநாதனின் மேல்துண்டைப் பிடித்திருந்தன. வேணி தெருவைக் கடந்து வந்தாள். எல்லோரும் பார்க்க, வண்டியில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டையில் ஒட்டியிருந்த தோலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட ஆரம்பித்தாள். வீரம்மாள் பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து, வண்டிச் சக்கரத்தின் அருகிலேயே வைத்து உட்கார்ந்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் எதுவும் தெரியாது என்பது அவள் கவலை.

தை மாதம் அவர்களுக்குக் கல்யாணம். கோயிலிலா சர்ச்சிலா என்று தெரு இரண்டாகப் பிரிந்து வாதாட, அவர்கள் பத்திரப் பதிவு ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து இரண்டு கட்சியையும் ஏமாற்றினார்கள். மெஷின் மாடிக்குப் போயிற்று; அங்கிருந்து இன்னும் நன்றாகத் தெரு தெரிகிறது என்று வேணியே ஒப்புக்கொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் கண்டமங்கலத்திலிருந்து ஈரத் தலையோடு திரும்புகிறார்கள். சவுரிராயனின் கை இன்னும் நீளத்தான் செய்கிறது. டயர் வெடித்த ஒருநாள் தபால்காரரைக் கட்டிக்கொண்டு விழுந்தார். இப்போது அதற்கு யாரும் கூட்டம் போடுவதில்லை. சாயங்கால நடைக்கு அஜிதநாதன்தான் அவருக்குத் துணை, எப்போதும் சாக்கடை இல்லாத பக்கமாக. ஒவ்வொரு சரத்துக்கும் முதல்நாளே ஃபோன் பண்ணி நேரம் சொல்லி அலுத்துப்போன நெடுஞ்செழியன், பொங்கல் கழிந்ததும் கடையை விழுப்புரத்துக்கு மாற்றிக்கொண்டார். வீடும் அங்கேயே கிடைத்துவிட்டதாம். செண்டை மேளம் கற்கிற பையன் இருக்கிற வீடு.