அப்படி ஒரு பாகமே இல்லை

அந்த வீட்டில் உப்பு டப்பாவில் 'உப்பு' என்று ஒட்டியிருக்கும். அதில் அதிசயமில்லை. குடையில் 'குடை' என்று ஒட்டியிருக்கும். கதவில் 'கதவு' என்று ஒட்டாமல் விட்டதே பெரிய மனசு. வீட்டுக்காரர் துறைமுகக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அங்கே அவருக்கு ஒரே சட்டம்தான். பெயர் ஒட்டாத பெட்டி யாருடையதும் இல்லை. யாருடையதும் இல்லாத பெட்டி அடுத்த லாரியில் வெளியே போகும். அப்படி அவர் வெளியேற்றிய பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால் நிலாவுக்கு ஏறிப்போய் ஒரு நடை நடந்துவிட்டு இறங்கியிருக்கலாம். 'லேபிள்' என்று கிடங்கில் வைத்த பட்டப்பெயரும் அவரோடு ஓய்வுபெற்று வீட்டுக்கே வந்துவிட்டது.

அவர் வீட்டு முன்னறை மூலையில் ஒரு கம்ப்யூட்டர். பெட்டி ஒன்று, உள்ளே குடித்தனம் இரண்டு. ஒரு பாதி விண்டோஸ். அது அவருடையது: சதுரங்கம், செய்திகள், அவரே வாசித்துப் பதிவு செய்த மவுத் ஆர்கன் இசை. இன்னொரு பாதி லினக்ஸ். அது மனைவியுடையது. பெட்டியைப் போட்டதும் பூட் லோடர் என்கிற வாசல்காரன் முதலில் எழுந்து, எந்தக் குடித்தனத்துக்குப் போகவேண்டும் என்று ஒரு பட்டியலைக் காட்டுவான். கொஞ்ச நேரம் பார்ப்பான். யாரும் வாய் திறக்கவில்லை என்றால் மனைவி பக்கத்துக் கதவைத் திறந்துவிடுவான்.

லேபிளுக்கு இதுதான் தீராத வயிற்றெரிச்சல். பொத்தானை அழுத்திவிட்டுக் காப்பி எடுத்துவரப் போவார். திரும்பி வந்தால் அவள் பக்கம் திறந்து கிடக்கும். அணைத்துவிட்டு மறுபடி போடுவார். அதற்குள் சர்க்கரை போட மறந்தது நினைவுக்கு வரும். போய்விட்டு வந்தால் மறுபடி அவள் பக்கம். இந்தப் போராட்டத்தில் ஆறிப்போன காப்பியை ஊற்றினால் ஒரு குளமே நிரம்பும்.

மனைவி பார்வையற்றவர்களுக்கான ஒலி நூலகத்துக்குப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பவள். இந்தத் தடவை எடுத்திருந்தது பழைய கடல் பயணங்களைப் பற்றிய ஒரு தடித்த புத்தகம். தலைக்கு வைத்துப் படுத்தால் கழுத்து சுளுக்கும். பாதி வாசிக்கும்போதே தொண்டை கம்மத் தொடங்கியது. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, குரல் நாணில் ஒரு கட்டி இருக்கிறது, அறுத்தே ஆகவேண்டும் என்றார். "அப்புறம் குரல் வரும். ஆனா இதே குரலா வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்றும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் வென்னீரும் மைக்குமாக உட்கார்ந்து, கம்மல் இல்லாத நேரமாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்து மீதியையும் வாசித்து முடித்திருந்தாள். அந்தக் குரல் இனி அந்தப் பெட்டிக்குள்தான். நூலகத்துக்கு அனுப்ப வேண்டியது மட்டும்தான் பாக்கி.

அன்று காலை அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். "கூட வரட்டுமா?" என்று கேட்டார். "நீங்க வந்தா டாக்டர் மேசைல இருக்கிறதுக்கெல்லாம் சீட்டு ஒட்டுவீங்க. வீட்லயே இருங்க" என்று கம்மிய குரலில் சிரித்துவிட்டுப் போனாள்.

தெருமுனையில் அவள் திரும்பியதும் லேபிள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

அவர் தேடிப்போனது வாசல்காரனின் பட்டியலை மாற்றத்தான். தன் பெயரை முதலில் போடவேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து போனவர், கம்ப்யூட்டரின் சேமிப்பு வட்டு முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டுகிற ஒரு படத்தில் போய் நின்றார். கிடங்கின் தரை வரைபடம் மாதிரியே இருந்தது. அவருக்குப் பிறந்த வீட்டுக்குப் போன சந்தோஷம். தன் பாகத்தில் பெயர் இருந்தது. பக்கத்திலேயே, அதைவிடப் பெரிதாக, ஒரு பாகம். பெயர் இல்லை. எழுத்து இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்றும் போடவில்லை.

"அடப்பாவிகளா, இவ்வளவு இடத்தைச் சும்மாவா போட்டு வெச்சிருக்கானுங்க!"

விண்டோஸுக்கு லினக்ஸ் பாகத்தின் பாஷை தெரியாது. தெரியாததை அது பெயரில்லாமல்தான் காட்டும். இது அவருக்குத் தெரியாது. மனைவியின் பாதி அதே பெட்டிக்குள் வேறு ஏதோ வட்டில் இருப்பதாக ஒரு நினைப்பு. கை தன்பாட்டுக்குப் போய்விட்டது. நீக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. நிச்சயமாகவா என்று இன்னொரு தடவை கேட்டது. கிடங்கில் இப்படி இரண்டாம் தடவை கேட்ட ஆட்களை அவர் எரித்துவிடுவதுபோல் பார்த்திருக்கிறார். கட்டம் கறுத்து வெறுமையானது.

வெறும் இடத்தை விட்டுவைப்பவரா அவர்? அங்கேயே புதிதாக ஒரு பாகம் போட்டு, 'மவுத் ஆர்கன்' என்று பெயர் ஒட்டி, தன் பதிவுகளை எல்லாம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தூக்கி அடுக்கினார். சுருக்காத, முழு அளவுப் பதிவுகள், ஒவ்வொன்றும் யானைக்குட்டி. எல்லாம் ஏறியதும் நாற்காலியில் சாய்ந்து தன் தொப்பையைத் தானே தட்டிக்கொண்டார். அப்புறம், சுத்தமாக ஒரு தடவை அணைத்துப் போடுவோம் என்று போட்டார்.

பட்டியல் வரவில்லை.

கறுத்த திரை. மேலே இடது மூலையில் ஆங்கிலத்தில் ஒரு வரி: அப்படி ஒரு பாகமே இல்லை. அதற்குக் கீழே ஒரு கோடு விட்டுவிட்டுத் துடித்தது. அவர் எதைத் தட்டினாலும் அந்தக் கோடு நகர்ந்து இடம் கொடுத்து மறுபடி துடித்தது. அணைத்தார், போட்டார். அதே வரி. பிடுங்கிச் செருகினார். அதே வரி. வீட்டில் அப்படி ஒரு அமைதி. அடுத்த அறையில் குழாய் சொட்டுவது சம்மட்டி அடி மாதிரி கேட்டது. பெட்டிக்குள் விசிறி மட்டும் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தன் பாதி திறக்கவில்லை என்பது அல்ல. அவள் பாதி எங்கே?

வேறு வழியில்லாமல் மச்சினிக்குப் போன் போட்டார். மனைவியின் தங்கை, ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் மெஷின் பழுது பார்ப்பவள். லினக்ஸை அக்காவுக்குப் போட்டுக் கொடுத்தவளும் அவள்தான். வீட்டில் பெயர் வாயாடி. லேபிளும் அவளும் பேசினால் பக்கத்து வீட்டில் டிவியைக் கூட்டி வைப்பார்கள்.

"என்ன அத்தான், அதிசயமா போனெல்லாம்? பழைய சாமானை ஏலம் விடறீங்களா?"

"கம்ப்யூட்டர் திறக்க மாட்டேங்குது."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலையே."

"ஒண்ணும் பண்ணாத மனுஷன் குரலா இது? வெச்சிடுங்க, வர்றேன். அதுவரைக்கும் அதைத் தொடாதீங்க. கிட்டவே போகாதீங்க. மூச்சு விடறதா இருந்தாக்கூட வாசல்ல போய் விடுங்க."

ஹெல்மெட்டோடு உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அவர் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவள் முகத்தில் இருந்த கேலி ஒவ்வொரு பொத்தானாகக் கழன்றது.

"அத்தான், அந்தப் பேரில்லாத பாகம்தான் அக்காவோடது."

"அப்போ வாசல்காரன் ஏன் என் பக்கத்தையும் திறக்க மாட்டேங்கறான்?"

"அவனோட சாவிக்கொத்தே அக்கா வீட்டுக்குள்ளதான் இருந்துச்சு. நீங்க வீட்டையே இடிச்சுட்டீங்க." கொஞ்சம் யோசித்தாள். "பரவாயில்ல, அக்கா பதிவையெல்லாம் ஒரு பென்டிரைவ்ல காப்பி எடுத்து வெச்சிருந்தா. மேசை டிராயர்ல கறுப்பா ஒண்ணு."

லேபிள் டிராயரை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"அத்தான்?"

"போன மாசம் செருகிப் பார்த்தேன். உபயோகிக்கணும்னா முதல்ல துடைக்கணும்னு கம்ப்யூட்டரே சொல்லுச்சு. மேல சீட்டு எதுவும் ஒட்டலை. அதனால..."

"அதனால?"

"துடைச்சுட்டேன்."

வாயாடிக்கு வாய் அடைத்ததை அந்தக் குடும்பம் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தது. பார்க்க அவரைத் தவிர ஆள் இல்லை. ரசிக்க அவருக்கும் தெம்பு இல்லை.

அவள் தன் பென்டிரைவைச் செருகி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை எழுப்பினாள். வட்டை மூலை முடுக்கெல்லாம் துழாவுகிற ஒரு நிரலை ஓடவிட்டாள். எண்கள் ஊர்ந்தன. லேபிள் பின்னால் நின்று அவற்றைப் பார்த்தபடியே இருந்தார். இமைத்தால் ஒரு எண் தவறிவிடுமோ என்று பயம். கண் எரிந்தது. தெருவில் ஒவ்வொரு வண்டிச் சத்தமும் மனைவி வந்துவிட்டதாகவே கேட்டது.

"பழைய எல்லைச் சுவரு தெரியுது அத்தான். திரும்ப எழுப்பிடலாம். ஆனா அது எழும்பினா உங்க மவுத் ஆர்கன் பாகம் இடிஞ்சிடும். அதுல இருக்கிறது போயிடும்."

"போகட்டும்."

"எல்லாமேவா?"

"போகட்டும்னு சொல்றேன்ல!"

அவள் திரும்பி ஒரு தடவை அவரைப் பார்த்துவிட்டுத் தட்டினாள். சுவர் எழுந்தது. உள்ளே குலைந்து கிடந்ததை ஒழுங்குபடுத்தும் வேலையை ஓடவிட்டு, அது முடிந்ததும் வாசல்காரனை மறுபடி அவன் இடத்தில் உட்காரவைத்தாள். அணைத்துப் போட்டபோது பட்டியல் வந்தது, இரண்டு பெயர்களோடும். லேபிள் அதைப் பார்த்துக் கைதட்டவே போய்விட்டார்.

"பொறுங்க" என்றாள். "மேல நீங்க சாமான் அடுக்கினீங்களே, அது எதை நசுக்கிச்சுன்னு இன்னும் தெரியல."

கோப்புகள் வரிசையாக இருந்தன. அத்தியாயம் அத்தியாயமாகத் திறந்தாள். மனைவியின் குரல் அறைக்குள் வந்தது: தெளிவாக, அவசரமில்லாமல், கப்பல்கள் துறைமுகத்தை விட்டுக் கிளம்பின. அடுத்தது, சரி. அடுத்தது, சரி. புயலைப் பற்றிய அத்தியாயத்தைத் திறந்தாள். "கீழ்வானம் கறுத்தது. மாலுமிகள் ஒருவரை ஒருவர்..." அதற்குமேல் அந்தக் குரல் இல்லை. அறுத்துப் போட்டதுபோல் நின்று, அந்த இடத்திலிருந்து மவுத் ஆர்கன் பீறிட்டது. அவர் வாசித்ததுதான். துள்ளல் மெட்டு. அத்தியாயம் முடிகிறவரை அதுதான். அடுத்த அத்தியாயத்திலும் அதுதான்.

"நிறுத்து" என்றார் லேபிள்.

அவள் நிறுத்தினாள். நிறுத்திய பிறகும் மெட்டு அவர் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வாசலில் செருப்புச் சத்தம். மனைவி உள்ளே வந்தாள். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். தங்கைதான் சொன்னாள், சுருக்கமாக, கேலி ஒரு சொட்டு கலக்காமல். மற்றதெல்லாம் பத்திரம், புயலும் அதற்கு அடுத்ததும் மட்டும் போய்விட்டது என்று.

லேபிள் திட்டுக்காகத் தலை குனிந்து நின்றார். திட்டு வரவில்லை. மனைவி தொண்டையில் கையை வைத்துக்கொண்டு, காற்று மட்டும் வருகிற குரலில் சொன்னாள்: "நாளைக்கே ஆபரேஷனுக்கு வரச் சொல்லிட்டாங்க. கட்டி பெருசாயிடுச்சாம். அதுவரைக்கும் பேசவே கூடாதாம். குரலை வருத்தினா ரத்தம் கசியும்னாங்க."

"அப்போ பேசாதேக்கா" என்றாள் தங்கை. "மிச்சத்தை நூலகத்துல வேற யாராவது வாசிக்கட்டும்."

மனைவி மேசைக்குப் போனாள். தடித்த புத்தகத்தை எடுத்தாள். பக்கத்தைத் தேடினாள்.

"வேண்டாம்மா" என்றார் லேபிள். "நான் வாசிக்கிறேன். என் குரல்ல போடு."

"புயல் நடுவுல ஆள் மாறுனா, கேக்கறவங்க எங்க போய்த் தேடுவாங்க?" அவ்வளவுதான் சொன்னாள். அதற்கே இருமினாள். மைக்கைத் தன் போனில் செருகி எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். தங்கை பின்னாலேயே ஓடினாள். கதவு அவள் மூக்குக்கு நேராகச் சாத்திக்கொண்டது. தாழ் விழுந்தது.

"அக்கா! திற! அத்தான், நீங்க சொல்லுங்களேன்!"

லேபிள் கதவுக்கு அருகே போனார். உள்ளே தண்ணீர் குடிக்கும் சத்தம். பிறகு குரல். தாழ்ந்து, ஓரங்களில் கிழிந்து, ஆனால் அதே குரல். "கீழ்வானம் கறுத்தது. மாலுமிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாய்களை இறக்கச் சொன்னார் தலைவர்."

தட்டுவதற்காகத் தூக்கிய கை அப்படியே நின்றது. தட்டினால் அந்தச் சத்தமும் பதிவில் விழும். அவள் முதலிலிருந்து வாசிக்க வேண்டியிருக்கும். தட்டாவிட்டால் கடைசிவரை வாசிப்பாள். தன் வாழ்நாளில் எதைத் தூக்கி எறிவதென்று ஒரு நிமிஷம்கூட யோசிக்காத மனுஷர், காற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அலை கப்பலைத் தூக்கியது. கொடிமரம் முறிந்தது. அவள் குரல் ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு இழை மெலிந்தது. தங்கை சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தலைவர் சுக்கானைப் பிடித்தபடி, தன் ஆட்களைப் பார்த்து..."

நின்றது.

பக்கம் புரட்டும் சத்தம் கேட்கவில்லை. இருமல் கேட்கவில்லை. மூச்சு வாங்கிக்கொள்கிறாள், அவ்வளவுதான் என்று லேபிள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கதவில் காதை வைத்தார். மரம் சில்லென்றிருந்தது.